கேரித் தீவுப் படம்

தங்கமணி இறந்து ஐம்பது நாள் கடந்தும் ஊர் அவளை மாமியாராகவே வைத்திருந்தது. அதுதான் அவள் புருஷன் இராமலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. மலேசியாவின் கிள்ளான் நகரில் எழவு வீட்டுக்கு வந்த ஒருத்தி, பெட்டிக்குள் கிடந்தவளை எட்டிப் பார்த்துவிட்டு, டிவியில் மருமகளை அந்தப் பாடு படுத்தின அம்மாவா இது என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கேட்டுவிட்டு அவளும் அழத்தான் செய்தாள். ஆனாலும் இராமலிங்கத்துக்கு அன்று ஏறிய எரிச்சல் இறங்கவே இல்லை.

முப்பத்து நாலு வயதில் தங்கமணிக்கு முதல் மாமியார் வேடம் வந்தது. நாடகம் பதின்மூன்று வாரம் ஓடியது. அதற்குப் பிறகு அவளிடம் வேறு வேடத்தோடு யாரும் வரவில்லை. சேலையும் நகையும் நடிகைகளே கொண்டுபோக வேண்டிய காலம். பீரோவில் இருந்த நல்ல பட்டுகளெல்லாம் மாமியார் கட்டிக் கட்டியே கிழிந்தன. கிள்ளான் பாசாரில் மீன்காரர், மருமகளுக்கு மீன் தலையாவது கொடுங்க என்பார். கோயில் பந்தியில் ஒரு பெண், "உங்க வீட்டுக்கு வந்தவ என்ன பாவம் பண்ணாளோ" என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவர்கள் வீட்டுக்கு மருமகள் வர வழியே இல்லை. பிள்ளை இல்லை. இராமலிங்கம் சண்டைக்குக் கிளம்புவார். தங்கமணி அவர் சட்டையைப் பிடித்து இழுப்பாள்.

"நல்லா நடிச்சிருக்கேன்னு அர்த்தம்ங்க. வாங்க, வெயிலு."

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் நினைவுக்கூட்டம் வைக்கப்போவதாகக் கலைஞர் சங்கச் செயலாளர் பாலன் போன் செய்தபோது, இனியாவது இதைச் சரிசெய்துவிடலாம் என்று இராமலிங்கம் நினைத்தார். ஆறு நிமிடப் படத்தொகுப்பு ஒன்று போடுவார்களாம். பங்சாரில் தாமரை என்று ஒரு பெண் அதைத் தயாரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும், கெட்டிக்காரி. அவள் போட்டுக் காட்டியதை இராமலிங்கம் விரல் விட்டு எண்ணினார். ஆறு நிமிடத்தில் நாலு அறை, இரண்டு சாபம். சாம்பார்க் கிண்ணத்தை மருமகள் காலடியில் கவிழ்க்கும் காட்சி வேறு.

தங்கமணி கதாநாயகியாகவும் நடித்திருக்கிறாள் என்று அவர் சொன்னார். தாமரை நம்பாத மாதிரி பார்த்தாள்.

"இருந்தா குடுங்க அங்கிள், போட்டுரலாம். நானும் எங்கெங்கயோ தேடிட்டேன் லா."

எழுபத்தெட்டாம் வருடம், பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடை வைத்திருந்த கௌஸ் என்பவர் ஆசைப்பட்டு ஒரு படம் எடுத்தார். கேரித் தீவில் எடுத்ததால் எல்லாரும் அதைக் கேரித் தீவுப் படம் என்பார்கள். தங்கமணிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. படம் கிள்ளானில் ஒன்பது நாள் ஓடியது. ரயில்வேயில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த இராமலிங்கம் அதில் ஐந்து நாள் போய் உட்கார்ந்தார். படகுத்துறையில் நின்றுகொண்டு, "நான் வரவில்லை, நீங்கள் போய் வாருங்கள்" என்று அவள் கதாநாயகனிடம் சொல்லும் இடத்துக்காகவே போனார். அந்தக் குரல் பஞ்சு மாதிரி இருக்கும். இரண்டு வருடம் கழித்து அதே பெண்ணின் ஜாதகம் வீடு தேடி வந்தபோது, தேத்தண்ணி வரும் முன்பே சரி என்றார்.

கல்யாணமான புதிதில் ஒரு குழப்பம் இருந்தது. வீட்டில் அவள் குரல் கரகரவென்று இருந்தது. ஒரு நாள் கேட்டும்விட்டார். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள்.

"மைக்ல அப்படித்தாங்க கேக்கும்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்தப் படத்தின் பேச்சை எப்போது எடுத்தாலும் அவளுக்கு அடுப்பில் ஏதாவது வேலை இருக்கும். அடக்கம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

படத்தைத் தேட இராமலிங்கம் பட்ட பாடு கொஞ்சமல்ல. தொலைக்காட்சி நிலையத்துக்கு மூன்று தடவை போனார். முதல் தடவை விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டாம் தடவை அந்தப் பாரத்தைக் காணோம். மூன்றாம் தடவை, சினிமா எல்லாம் எங்களிடம் கிடையாது என்றார்கள். இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று அவர் கேட்டார். கேட்டவருக்கு நாற்காலி மட்டும் போட்டார்கள். கடைசியில் பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, கௌஸின் மகள் ஆரிஃபா செலாயாங்கில் இருப்பதைக் கண்டுபிடித்தார்.

ஆரிஃபாவிடம் இருந்தது. சுருள்கள் பாதிக்கு மேல் கெட்டுப்போய், மிஞ்சிய இருபது நிமிடத்தை அவள் மகன் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தான். ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள். கொடுக்கும்போது தயங்கினாள்.

"அக்காவுக்கு ஒரு காப்பி தரேன்னு ரெண்டு வாட்டி போன் பண்ணேன் அண்ணே. வேணாம்னுட்டாங்க. உங்ககிட்ட சொல்ல வேணாம்னும் சொன்னாங்க."

பஸ்ஸில் கிள்ளானுக்குத் திரும்பும் வழியெல்லாம் இராமலிங்கத்துக்குச் செத்தவள் மேலேயே கோபம் வந்தது. நாற்பது வருடமாக அந்தப் படத்தைப் பற்றியே பேசினவனிடம் மறைத்திருக்கிறாள். கேட்கலாம் என்றால் கேட்க ஆளில்லை. வீட்டில் கம்ப்யூட்டரும் கிடையாது. மறுநாளே பென்டிரைவைத் தாமரையிடம் கொண்டுபோனார்.

பக்கத்து அறையில் ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்ததால் தாமரை சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் ஓட்டினாள். கறுப்பு வெள்ளையில் தங்கமணி படகுத்துறையில் நின்றாள். காற்றில் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். உதடு அசைந்தது. இராமலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஆறு நிமிஷமும் இதுவே போதும்மா. மாமியார் ஒண்ணுகூட வேணாம்."

அந்தச் சாம்பார்க் காட்சியையாவது விடுங்கள் என்று தாமரை கெஞ்சினாள். ஜனங்கள் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்று பாலனும் போனில் சொல்லிப்பார்த்தார். அது இருந்தால் நான் வரமாட்டேன் என்றார் இராமலிங்கம். புருஷன் இல்லாமல் நினைவுக்கூட்டம் எப்படி நடத்துவது? பாலன் இறங்கிவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் முக்கால்வாசி நிறைந்துவிட்டது. விளக்கை அணைத்தார்கள். படகுத்துறை வந்தது. இராமலிங்கம் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"நான் வரவில்லை, நீங்கள் போய் வாருங்கள்."

யாரோ ஒருத்தியின் குரல். மெட்ராஸ் வானொலியில் செய்தி வாசிப்பவளைப் போல ஒவ்வொரு சொல்லையும் இழைத்து இழைத்துப் பேசினாள். தங்கமணியின் வாய் மூடிய பிறகும் அந்தக் குரல் அரை வார்த்தை தள்ளி முடிந்தது. எந்த மைக்கும் அப்படிச் செய்யாது. ஒரு தியேட்டர் இரைச்சலில் பிடிபடாததை, நாற்பது வருடம் கூட வாழ்ந்த காது இப்போது ஒரே வாக்கியத்தில் பிடித்துவிட்டது. ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த பெண்ணின் பேச்சு கதாநாயகிக்கு ஆகாது என்று கௌஸோ வேறு யாரோ முடிவு செய்து, குரலுக்கு வேறொருத்தியை வைத்திருக்கிறார்கள். அந்தக் குரலுக்காகத்தான் உன்னைக் கட்டினேன் என்று புதுப் பெண்டாட்டியிடம் அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்? அவள் மீனைக் கழுவிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அடுத்த காட்சி. அதற்கடுத்தது. ஆறு நிமிடத்தில் தங்கமணியின் ஒரு சொல்கூட இல்லை. அவள் குரல் இருந்த மாமியார் காட்சிகளையெல்லாம் பார்த்துப் பார்த்து எடுக்க வைத்தவர் அவரேதான்.

விளக்கு வந்ததும் கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. பாலன் குனிந்து அவர் தோளைத் தட்டினார்.

"நீங்க சொன்னது சரிதாண்ணே. என்னா குரல் அக்காவுக்கு!"

"அது அவ குரல் இல்ல, பாலன்."

பாலனுக்குக் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும், மனுஷன் உடைந்துபோயிருக்கிறார் என்றுதான் நினைத்திருப்பார். மேடையேறி, மைக்கிலும் அந்தக் குரலையே புகழ ஆரம்பித்தார்.

இராமலிங்கம் எழுந்து பின்பக்கம் போனார். கடைசி வரிசையில் தாமரை வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சாம்பார் சீன் இருக்காம்மா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதானே அங்கிள் எடுக்கச் சொன்னீங்க?"

"ஆமா. இருக்கா?"

கைப்பேசியில் இருந்தது. ஓட விட்டுக் கொடுத்தாள். படத்தில் வாய் அசைந்தது. மண்டபத்து ஒலிபெருக்கியில் பாலனின் புகழ்ச்சிதான் கேட்டது, கைப்பேசிச் சத்தம் ஒன்றும் எடுபடவில்லை. தாமரை ஏற்றி வைத்தாள். இன்னும் ஏற்றச் சொன்னார். இதுக்கு மேல போகாது அங்கிள் என்றாள். அவர் படத்தை விட்டுவிட்டு, போன் பேசுகிறவர் மாதிரி அதைக் காதில் வைத்துக்கொண்டு, மறு காதை விரலால் அடைத்துக்கொண்டார்.

"யார கேட்டு உப்புப் போட்ட? இந்த வீட்டுல யாருக்கு வாய் செத்துப் போச்சுன்னு நெனச்ச?"

ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டதற்கு அவள் அவரை ஏசும்போது வரும் அதே கரகரப்பு. முடிந்ததும் கைப்பேசியை நீட்டினார். தாமரை மறுபடி அழுத்திக் கொடுத்தாள்.

மேடையிலிருந்து பாலன் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பொன்னாடையோடு சங்கத் தலைவர் காத்திருந்தார். தலைகளெல்லாம் பின்னால் திரும்பின. இந்த நேரத்தில் யாரிடம் போன் பேசுகிறார் இவர் என்று ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. இராமலிங்கம் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே, கொஞ்சம் இருங்கள் என்று மேடையைப் பார்த்துக் கையைக் காட்டினார்.