பதினாலாவது இணைப்பு

…இல்லை, அதுவாக இருக்காது, கடுகளவு சந்தனம், அதையும் உடனே துடைத்துவிட்டாளே, ஆனால் எதால் துடைத்தாள், சேலைத் தலைப்பால், காலையில் தலைக்கு எண்ணெய் வைத்த கையைத் துடைத்த அதே தலைப்பு… பேச்சி பன்னிரண்டு வருஷமாக இந்த லேபில் உதவியாள், வெற்றிடக் கலத்துக்குள் போகிற எதையும் கையுறை இல்லாமல் தொடாதே என்று சுவரில் எழுதி ஒட்டியதே அவள்தான். போன வாரம் பூஜை வைத்தபோது ஆரியசாலையில் தன் வீட்டில் அரைத்த சந்தனத்தைக் கொண்டுவந்து எல்லாக் கருவிக்கும் பொட்டு வைத்தாள், மேஜையில் கலத்துக்குள் செருகுகிற கம்பி மட்டும் வெறுமையாகக் கிடந்தது, நுனியில் நகத்தளவு நிக்கல் படிகம், அதற்கு மட்டும் விட்டுப்போனால் குறையாகாதா… கம்பியில்தான் வைத்தாள், படிகத்தில் இல்லை, தாயே, படிகத்தில் இல்லை. இப்போது அது எஃகுக் கலத்துக்குள், பம்பு நாலு நாளாக ஓடுகிறது, உள்ளே காற்று முழுசாகப் போகமாட்டேன் என்கிறது.

“சேச்சி, அடுத்த ஜாயின்ட்,” என்கிறான் ஹரிகுமார், காற்றழுத்தம் காட்டும் கேஜ் ஊசியை விட்டுக் கண்ணெடுக்காமல். ஐந்து வருஷ ஆராய்ச்சி, டிசம்பரோடு ஸ்காலர்ஷிப் முடிகிறது பிள்ளைக்கு. எங்கோ ஓட்டை என்று நம்புகிறான். ஒவ்வொரு இணைப்பிலும் அவள் அசிட்டோன் சொட்டுவிட வேண்டும், ஓட்டை இருந்தால் ஊசி துள்ளும். இல்லாத ஓட்டையை அல்லவா தேடுகிறோம், ஊசியை இறங்கவிடாதது அந்த எண்ணெயின் ஆவியாக இருந்தால்… சொன்னால்? தற்காலிக வேலை, ஒரு கையெழுத்தில் போய்விடும். கைடு கோமதிநாயகம் சார் வேறு வாசலில் நின்று, “என்னடே ஹரி, மெஷின் உங்கிட்ட பிணங்கிட்டுதா? நீ முறுக்கின போல்ட்டுதானே?” என்று கேட்டுவிட்டுப் போனார், அவன் தலைகுனிந்தான், அவள் அசிட்டோன் குப்பியை மூடித் திறந்துகொண்டு, பழியை அவன்மேல் விழவிட்டாளே! “எந்தா சேச்சி, நிறுத்திட்டீங்க?” “அசிட்டோன் குளிருதுப்பா.”

பதினாலாவது இணைப்பு. சொட்டு விழுந்ததும் ஊசி துள்ளியது. நிஜமாகவே. “கிட்டிப்போச்சு சேச்சி!” ஸ்பேனரால் முறுக்கினான், ஊசி மெல்ல இறங்கிற்று. அப்பாடா, நான் இல்லை, நான் இல்லை… அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறான், திங்கட்கிழமை ஹீலியம் பீமை விடலாம், படிகத்தில் மோதித் திரும்புகிற அணுக்களை எண்ணினால் மேற்பரப்பு எப்படி அடுக்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்… படிகம் சுத்தம் என்று நினைத்துத்தானே எண்ணுவான்? கலத்தை இரண்டு நாள் சூடேற்றினார்களே, அந்த எண்ணெய் ஆவியாகிப் படிகத்தில் படிந்திருந்தால்? ஓட்டை இருந்தவரை சந்தேகமாவது பட்டான். இனி வருவதையெல்லாம் நம்புவான், தீசிஸில் எழுதுவான், பெயர் போட்டு… “ஹரி,” என்றாள். அவன் திரும்பவில்லை. பம்பு சத்தத்தில் கேட்டிருக்காது. கேட்காத அளவுக்குத்தான் கூப்பிட்டோம் என்பது அவளுக்கும் தெரிந்தது.