கானுக்குள் இறங்கும் காட்சி

மாத்தளை டவுனில் மாலை வகுப்புக்குப் போய்த் தமிழ்த் தட்டெழுத்துப் படித்ததால்தான் லோரன்ஸ் அண்ணனின் படத்தில் கொறற்றி என்கிற எனக்கு வேலை கிடைத்தது. அவருடைய கதை வசனத்தைத் தட்டெழுதியது நான். படம் பிடிக்கும்போது பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதியபடி நடக்கிறதா என்று பார்ப்பதும் நான்தான். அன்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன். வகுப்பில் என் கட்டுரைகளுக்குக் கீழே எப்போதும் ‘விறுவிறுப்புப் போதாது’ என்றுதான் எழுதித் தருவார்கள். இதிலும் போதாமல் இருக்கலாம்.

லோரன்ஸ் அண்ணன் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தவர். வஹகோட்டைத் திருவிழா நாடகத்தில் ஈட்டி பிடித்து நின்றவரை யாரோ கொழும்புக்குக் கூட்டிப்போனார்கள். பல வருடம் சிங்களப் படங்களில் நடித்தார். எல்லாவற்றிலும் ஒரே வேஷம்: தலைப்பா கட்டிய தோட்டத்துத் தமிழன். கதாநாயகனின் கார் வரும். இவர் தலைப்பாவை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோட்டோரக் கானுக்குள், அந்த வடிகாலுக்குள், ஒதுங்கி இறங்குவார். அந்த இடத்தில் கொட்டகையே சிரிக்கும். பிறகு மற்றவர்களுக்குக் கதை எழுதிக் கொடுத்தார். திரையில் அவர் பெயர் வரவில்லை. எழுபத்தேழில் தமிழர்களை அடித்த கலவரத்தில் அவருடைய வாடகை வீட்டை உடைத்தார்கள். தோட்டத்துக்கே திரும்பி வந்து சொந்தப் படம் ஒன்றை எழுதினார். இயக்குவதும் அவர், கதாநாயகனும் அவர்.

படத்தின் உயிர் ஒரே காட்சிதான். வேலை முடிந்து வருகிறவர்களுக்கு எதிரே தோட்ட நிர்வாகியான துரையின் ஜீப் வருகிறது. அவர்கள் ஒதுங்கவில்லை. ஜீப் நிற்கிறது. வசனம் கிடையாது.

தோட்டத்தில் படம் பிடிக்கப் பெரியதுரை ஒரே நிபந்தனையில் அனுமதி கொடுத்திருந்தார். துரையாக அவரே நடிப்பார். கதை என்னவென்று அவர் கேட்கவில்லை. தொப்பி போடலாமா என்று மட்டும் கேட்டார்.

காலையில் ஒத்திகை. கெமராக்காரர் மர்சூக் தன் வேனையே ஜீப்பாக ஓட்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் நடுரோட்டில் அசையாமல் நின்றார்கள். கொழுந்து பறிக்கும் காத்தாயி அக்கா வேனைப் பார்த்து, “மோதுங்க மொதலாளி, யாரு நெளியிறான்னு பாப்போம்!” என்று கத்தினார்.

பிறகு உண்மையான ஜீப் வந்தது.

வளைவில் ஹோர்ன் கேட்டது. அதற்குப் பிறகு எல்லாம் ஒரே மூச்சில் நடந்தது. கூடைகளோடு பெண்கள் கானுக்குள் இருந்தார்கள். குடை பிடித்திருந்தவர்கள் குடையை மடக்கியிருந்தார்கள். லோரன்ஸ் அண்ணனும் கானுக்குள் இருந்தார். யாரும் சொல்லாமலே அவருடைய கை தலைப்பாவை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கியிருந்தது. நான் படத்திலேயே இல்லை. கெமராவுக்குப் பின்னால் நின்றவள், தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் மகள், எனக்கு யார் ஒதுங்கச் சொன்னார்கள்? என் ஒரு காலின் சப்பாத்து சேற்றுத் தண்ணீருக்குள் இருந்தது.

ஜீப் தாண்டிப் போய் நின்று, பின்னால் வந்தது.

“எப்படி, நல்லா வந்ததா?” என்றார் துரை.

“இல்லைங்க தொரைங்களே. ஆளுங்க ஒதுங்கக் கூடாது. நீங்கதான் ஜீப்ப நிப்பாட்டணும்,” என்றார் லோரன்ஸ் அண்ணன்.

துரையின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. “நானா? எதுக்கு? இப்ப வந்ததுதான் சரி. இதையே வச்சுக்கோ. வேற மாதிரி எடுக்கிறதுன்னா இந்தத் தோட்டத்தில கெமரா வேணாம்.”

மர்சூக், லோரன்ஸ் அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டார். “மச்சான், ஒரு சுருள்தான் மிச்சம். லயத்துக் காட்சி, கோயில் காட்சி எல்லாம் இன்னும் எடுக்கல்ல. தோட்டத்த விட்டுத் தொரத்தினா படமே இல்ல. இந்தக் காட்சிய விட்டுரு.”

அண்ணன் விட்டுவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

காத்தாயி அக்கா பாவாடையைப் பிழிந்துகொண்டே ரோட்டுக்கு ஏறினார். “ஏந் தம்பி, ஊரான் படத்துலதான் கானுக்குள்ள எறங்குனே. சொந்தப் படத்துலயுமா?”

“நீயுந்தானே அக்கா எறங்குனே?”

“நான் எந்தப் படத்துல நடிச்சேன்? நீ டைரக்டரு. மொதல்ல அந்தத் தலைப்பாவக் கக்கத்துலருந்து எடு!”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் குனிந்து பார்த்தார். அது இன்னும் அங்கேதான் இருந்தது. அதை எடுத்து, உதறி, இறுக்கிக் கட்டினார். துரையிடம் போனார்.

“சேர், இன்னொரு தடவ எடுக்கணும். வந்த மாதிரியே வாங்க. நிப்பாட்ட வேணாம்.”

தான் வென்றதாக நினைத்துத் துரை ஜீப்பில் ஏறினார். நான் வசனப் பக்கத்தைப் புரட்டினேன். “அண்ணே, ‘ஜீப் நிற்கிறது’ன்னு எழுதியிருக்கே?”

“அது அவரு பாடு கொறற்றி. நம்ம நிக்கிறது நம்ம பாடு.”

“நிக்கலாம் தம்பி,” என்றார் காத்தாயி அக்கா. “காலு சொன்னபடி கேக்காதே!” கொஞ்சம் யோசித்துவிட்டு, தேயிலைச் செடி கிழிக்காமல் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கின் கயிற்று முனையை இழுத்துப் பக்கத்தில் நின்றவளின் கயிற்றோடு முடிச்சுப் போட்டார். அவள் அடுத்தவளோடு போட்டாள். கடைசி முனையை அண்ணன் வாங்கித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். இனி ஒருத்தி கானுக்குள் இறங்கினால் எல்லோரையும் இழுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

கெமரா ஓடியது. வளைவில் ஹோர்ன். மறுபடி ஹோர்ன். கயிறு ஓர் ஓரத்தில் வெடுக்கென்று இழுபட்டதை நான் கண்டேன். அறவில்லை. பிரேக் கத்தியது. கல் தெறித்தது. ஜீப்பின் மூக்கு அண்ணனின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

“ஏய்! தள்ளு! தள்ளுடா!” துரை எழுந்து நின்று கத்தினார். என் கையிலிருந்த பக்கத்தில் இல்லாத வசனம். இறங்கி வந்து அண்ணனின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். தொப்பி கழன்று விழுந்தது. அதை எடுத்துக் கொடுக்க ஒருவரும் குனியவில்லை. சுருள் தீர்ந்து கெமரா படபடக்கும் வரை அண்ணன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“எடுத்தாச்சு,” என்றார் மர்சூக். அப்போதும் யாரும் நகரவில்லை.

அன்று மாலையே எங்களைத் தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். பெட்டிகளோடு வேன் முன்னால் போய்விட்டது. அலுவிகாரைக்குப் போகும் பெரிய ரோடு தொடங்குகிற எல்லை வரை பெண்கள் எங்களோடு நடந்து வந்தார்கள்.

“பாதிப் படந்தானே ஆச்சு?” என்றார் காத்தாயி அக்கா.

“மிச்சத்த வெளி ரோட்டுல எடுப்போம். அது தொரையோடது இல்ல,” என்றார் அண்ணன்.

அப்போது பின்னால் ஹோர்ன் கேட்டது. படம் பிடிக்க எங்களிடம் கெமராவும் இல்லை, ஓர் அடிச் சுருளும் இல்லை. இடுப்பில் கயிறும் இல்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒதுங்கவுமில்லை. என் கால் கானைத் தேடியது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஈரச் சப்பாத்து கீச்சிடக் கீச்சிட நான் நடுரோட்டில் நடந்தேன். ஜீப் எங்கள் பின்னால் ஊர்ந்து வந்தது.