லைஃப் ஜாஸ்தி

வேதகிரியின் வண்டிக்கு நாலு டயரும் நாலு கம்பெனி. ஊரில் அது ஒரு சொலவடையாகவே ஆகிவிட்டிருந்தது. பொருந்தாத சம்பந்தம் எதையாவது பேச வந்தால் பெரியவர்கள், “வேதகிரி வண்டி டயராட்டம் கீது” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை முதலாளிக்கு வருஷக்கணக்காகச் சாரதியாக இருந்து, அவர் புது வேன் வாங்கியபோது பழசைச் சல்லிசாக வாங்கி ஊருக்கு ஓட்டிவந்த வண்டி அது. லாரிக்குத் தம்பி மாதிரி உயரம். ஏறுவதற்கே ஒரு படி வேண்டும். கல்யாணம், காதுகுத்து, மேல்மலையனூர் அமாவாசை என்று சுற்று வட்டாரத்து ஜனங்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த அந்த வண்டி, அவன் கைக்கு வந்ததிலிருந்து புது டயர் என்ற ஒன்றைக் கண்டதில்லை. யாராவது கழற்றிப் போட்டதில் நல்லதாகப் பொறுக்கி மாட்டிக்கொள்வான்.

தேய்ந்த டயரைக் காப்பாற்றுவது காற்றுதான் என்பது அவன் கட்சி. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் நாலு டயரையும் ஒரு உதை உதைத்துப் பார்ப்பான். வருகிற சத்தத்திலேயே காற்று எவ்வளவு என்று சொல்லிவிடுவான். காற்றைக் குறைத்து ஓட்டுகிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. “மெத்துனு போவுதுன்னு காத்த எறக்கிக்கினு ஓட்டுவானுங்க. ரெண்டு ஓரத்தையும் ரோடு தின்னுடும். டயரு லைஃபே போயிடும்” என்று டீக்கடையில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வான். அவன் மனைவி சிட்டம்மாள் ஒருநாள் வாசலில் சாணி தெளித்துக்கொண்டே, “என்னிய ஒரு நாளாச்சும் இப்டித் தட்டிப் பாத்துக்கீறியா மாமா?” என்று கேட்டாள். அப்போது இரண்டு பேருமே சிரித்தார்கள். இப்போது டயரை உதைக்கும்போதெல்லாம் அவனுக்கு அந்தப் பேச்சு நினைவுக்கு வருகிறது.

அப்படிப்பட்டவன் தை மாதத்து மதியம் ஒன்றில் உத்திரமேரூர் சிராஜுதீன் டயர் கடை முன்னால் வண்டியை நிறுத்தி, “நாலும் புதுசா போட்டுடு பாய்” என்றான். சிராஜுதீன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். அவன் வாப்பா கடையில் இருந்த காலத்திலிருந்து வேதகிரி பழைய டயர் குவியலுக்குள் தலையை விட்டுத்தான் பார்த்திருக்கிறான்.

“இன்னாண்ணே, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?”

கேட்ட பிறகுதான் நடு சீட்டில் சிட்டம்மாள் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். போன வருஷம் ரம்ஜானுக்குக் கஞ்சி வாங்கிக்கொண்டு போனவள் இவள்தானா என்று இருந்தது அவனுக்கு. உள்ளே போய்த் தன்னுடைய நாற்காலியையும் அதன் மேல் போட்டிருந்த திண்டையும் எடுத்து வந்து நிழல் பார்த்துப் போட்டான்.

“அக்கா, இங்க வந்து ஒக்காருங்க. நேரமாவும்.”

வண்டியிலிருந்து அவளை இறக்குவது இப்போது பெரிய வேலை. வேதகிரி படிக்குக் கீழே நின்று இரண்டு கையையும் நீட்டுவான். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வைப்பாள், மூச்சு வாங்குவாள், அப்புறம் மறு காலை வைப்பாள். இடுப்புக்கு அணைவாக வைத்திருந்த பழைய புடவை மடிப்பையும் மறக்காமல் எடுத்துக்கொள்வாள். மார்பில் வந்த நோய் எலும்புக்குப் போய்விட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் போன வாரம் அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா வேதகிரியை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். இனிமேல் வலிக்கு மட்டும்தான் மருந்து. வாரத்துக்கு ஒருமுறை கூட்டிவந்தால் போதும், குலுங்காமல் கூட்டிவாருங்கள். “லைஃப் எவ்ளோ நாள்னு சொல்ல முடியாதுங்க ஐயா. மழைக்காலம் வரைக்கும் இருந்தாலே பெருசு” என்றாள். அவன் தலையை ஆட்டினான். வெளியே பெஞ்சில் காத்திருந்த சிட்டம்மாள், “இன்னாவாம்?” என்று கேட்டதற்கு, “சத்து கம்மியா கீதாம். மாத்திரை மாத்திக் குடுத்துக்கீறாங்க. போவப் போவ சரியாயிடுமாம்” என்றான். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அதுவே அவனுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

சிராஜுதீன் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, டயரின் பள்ளங்களில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். விரல் உள்ளே போகவே இல்லை. உள்பக்கம் கம்பி எட்டிப் பார்த்தது.

“லைஃப் முடிஞ்சிட்ச்சிண்ணே” என்றான் சாதாரணமாக. ஒரு நாளைக்கு எத்தனையோ முறை சொல்கிற சொல் அது. வேதகிரி சட்டென்று திரும்பிச் சிட்டம்மாளைப் பார்த்தான். அவள் சாலைக்கு அந்தப் பக்கம் கரும்பு டிராக்டர் ஒன்று பின்வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிராஜுதீன் இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து அவள் நாற்காலிக்கு முன்னாலேயே சாய்த்து வைத்தான். இரண்டும் கருகருவென்று, மேலெல்லாம் சின்னச் சின்ன ரப்பர் முடிகளோடு, பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருந்தன. அவன் விளக்கத் தொடங்கினான். ஒன்று கெட்டி ரப்பர். ஆறு வருஷம் ஆனாலும் அசையாது, மண் ரோடு, கல்லு ரோடு எதுவும் தாங்கும், ஆனால் கொஞ்சம் தூக்கிப் போடும். இன்னொன்று மெதுவான ரப்பர்.

“பள்ளம் மேடு எதுவும் உள்ள தெரியாதுண்ணே. தொட்டில்ல போற மாதிரி இருக்கும்னு சொல்லுவாங்க. ஆனா லைஃப் கம்மி. நீ ஓட்ற ஓட்டத்துக்கு ரெண்டு வருஷம் தாண்டாது.”

சிட்டம்மாள் குனிந்து இரண்டையும் தொட்டாள். மாவு பதம் பார்க்கிற பெண்களுக்கு உள்ள கை அது. கெட்டி டயரை ஒருமுறை தட்டிவிட்டு விட்டுவிட்டாள். மெதுவானதை விரலால் அழுத்தினாள், மறுபடியும் அழுத்தினாள். ஒரு ரப்பர் முடியைப் பிடித்து இழுத்தாள், அது கையோடு வந்தது.

“இது மெத்துனு கீது மாமா” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ஆறு மாதமாக அவள் எதையும் கேட்டதில்லை. இது வேண்டும் என்று இதையும் கேட்கவில்லை. மெத்தென்று இருக்கிறது என்றாள்.

வேதகிரிக்கு அது புரியாமல் இல்லை. அன்று செங்கல்பட்டிலிருந்து திரும்பும்போது ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவள் சீட்டின் விளிம்பைப் பிடிப்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் ஓட்டிவந்தான். மெதுவான டயரைப் போட்டால் அந்தக் கை கொஞ்சம் தளரும். ஆனால், வேதகிரி என்கிற கஞ்சன், சீக்கிரம் தேய்ந்து போகும் என்று தெரிந்தே ஒரு டயரை வாங்குகிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? முப்பது வருஷமாகக் கூட இருக்கிறவள் அவள். அவன் ஒரு வெங்காயத்தை எடுத்துக் கீழே வைத்தால்கூட ஏன் வைத்தான் என்று தெரிந்தவள். இரண்டு வருஷத்து டயர் போதும் என்று அவன் வாயால் சொல்லிவிட்டால், டாக்டரம்மா தனியாகச் சொன்னதை எல்லாம் அங்கேயே அவிழ்த்துக் கொட்டியது போலத்தான்.

“லைஃப் ஜாஸ்தி கீறதையே போடு பாய்” என்றான்.

சிராஜுதீன் நெற்றியைச் சுருக்கினான். “ஆஸ்பத்திரிக்கு அக்காவ இட்டுக்கினு போற வண்டிண்ணே. நான் யாவாரத்துக்குச் சொல்லல. மெத்துனு கீறதையே போடுண்ணே.”

“ஆஸ்பத்திரிக்கு எத்தினி நாளிக்குப் போவப் போறோம்? மாசி, பங்குனி வந்தா சரியாப் பூடும்” என்று வேதகிரி குரலை ஏற்றினான். குரல் ஏறியதும் சொற்கள் தாமாகவே வந்தன. “அடுத்த வருசம் பேத்திக்குக் காது குத்தணும். சொந்தக்காரங்க அம்மாம் பேரையும் ஏத்திக்கினு திருப்புட்குழி போவணும். அப்புறம் திருப்பதி. இவ எத்தினி வருசமா கேட்டுக்கினு கீறா, ராமேஸ்வரம் போவணும்னு. அம்மாந்தொலவுக்கு இந்த மெத்து டயரு தாங்குமா? நீயே சொல்லு.”

அவள் ராமேஸ்வரம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. சிட்டம்மாள் கையில் இருந்த ரப்பர் முடியை விரலில் சுற்றிக்கொண்டு அவனையே பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். குழந்தை பொய் சொல்லும்போது அது எதுவரைக்கும் போகிறது என்று பார்ப்போமே, அப்படி.

“ஆறு வருசம் ஓடுமா தம்பி?” என்று சிராஜுதீனைக் கேட்டாள்.

“ஓடும்க்கா.”

“அப்ப அவரு சொல்றதையே போட்டுடுங்க. ராமேஸ்வரம் போவ வோணாமா?”

சிராஜுதீன் மெதுவான டயரை உருட்டிக்கொண்டு உள்ளே போனான். விலை சொன்னபோது வேதகிரி பேரம் பேசவில்லை. வேதகிரி பேரம் பேசாததுதான் சிராஜுதீனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. நாலு சக்கரத்தையும் கழற்றி மாட்டி முடிக்கும் வரை அவன் முகத்தைத் தூக்கவே இல்லை. சிட்டம்மாளுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தான். அவள் பாதி குடித்து மீதியை மரத்தடியில் ஊற்றினாள். கடைசியில் காற்று பிடித்துவிட்டு, வழக்கமாக எல்லோரிடமும் சொல்வதை வேதகிரியிடமும் சொன்னான்.

“முப்பத்தஞ்சு வெச்சிக்கீறேன்ணே. கொறைக்காம பாத்துக்க.”

“எனக்கா சொல்ற?” என்றான் வேதகிரி.

திருப்புலிவனம் வழியாகத்தான் ஊருக்குப் போகவேண்டும். பஸ் நிலையத்தைத் தாண்டும் வரை ஒன்றும் தெரியவில்லை. புது ரப்பர் சாலையைப் பிடித்துக்கொண்டு போனது. வேதகிரி கொஞ்சம் தைரியமானான். “பாத்தியாமே, ஸ்டேரிங்கு கல்லாட்டம் நிக்குது” என்றான். அவள் “ம்” என்றாள். அதற்குப் பிறகு முதல் வேகத்தடை வந்தது. ஊர்ந்துதான் ஏற்றினான். இருந்தும் வண்டி ஒருமுறை தூக்கி, ஒருமுறை இறக்கியது. கெட்டி டயர், முழுக் காற்று. அடி கீழேயிருந்து மேலே அப்படியே போனது. கண்ணாடியில் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, முந்தானை நுனியை வாயில் கவ்வியிருந்தாள்.

“வலிக்குதா?”

வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். “ஒண்ணுந்தெரியல. நல்லா கீது டயரு.”

அடுத்து ஜல்லி பெயர்ந்து கிடந்த இடம். அப்புறம் தண்ணீர்க் குழாய்க்காக வெட்டி மூடாமல் விட்ட பள்ளம். இந்த ரோட்டில் ஆயிரம் முறை போயிருப்பான். இத்தனை பள்ளம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவள், “நல்லா கீது”, “நல்லா கீது மாமா” என்று அவன் கேட்காமலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். நாலாவது முறை சொன்னபோது குரல் பாதியில் உடைந்து, அதை இருமலாக மாற்றினாள். தன் பொய்யை அவள்தான் இப்போது தூக்கிக்கொண்டு வருகிறாள், அதுவும் அந்த இடுப்பெலும்பில் வைத்துக்கொண்டு என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஏரிக்கரை ஓரம் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினான். ஏரியில் பாதிக்குத் தண்ணீர் இருந்தது. கரையில் யாரோ நாலைந்து எருமைகளை விட்டிருந்தார்கள். இறங்கிப் போய்ச் சும்மா கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரே கம்பெனி டயர் நாலும். அவனுடைய வண்டி மாதிரியே இல்லை. அப்புறம் தான் ஓட்டுகிற பக்கத்து முன் சக்கரத்தருகே குந்தி, வால்வு மூடியைத் திருகி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாவி முனையால் வால்வின் ஊசியை அழுத்தினான். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்து கீழே கிடந்த புளியஞ் சருகைக் கலைத்தது.

சாரதியாகி இத்தனை வருஷத்தில் காற்றை ஏற்றியிருக்கிறான், வேறு யாராவது இறக்கினால் சண்டைக்குப் போயிருக்கிறான். தன் கையால் இறக்கியதில்லை. முன் சக்கரம் முடிந்து பின் சக்கரத்துக்குப் போனான். விரலால் டயரை அழுத்திப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் விட்டான்.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. “இன்னா பண்ற மாமா?”

“ஒண்ணுமில்ல. பாய் காத்த ஜாஸ்தியா வெச்சிட்டான்.”

எருமை ஒன்று தண்ணீரிலிருந்து ஏறி வந்து உடம்பை உதறியது.

“லைஃப் போயிடுமே” என்றாள் சிட்டம்மாள்.

அவன் சாவியை எடுக்கவில்லை. தலையையும் தூக்கவில்லை. கண்ணில் வந்த தண்ணீர் மூக்கு நுனி வரைக்கும் இறங்கி, புது ரப்பரின் மேல் சொட்டியது. தோளில் துடைத்துக்கொண்டான்.

“போனாப் போவுது போ” என்றான்.

அவள் பக்கத்து ஜன்னல் கண்ணாடி இறங்குகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவள் மூச்சு. ஆஸ்பத்திரி பெஞ்சில் எதுவும் கேட்காமல் எழுந்து வந்தாளே, அதே நிதானத்தோடு சொன்னாள்.

“அந்தப் பக்கம் போதும் மாமா. என் பக்கம் இன்னும் கொஞ்சம் எறக்கு.”

வேதகிரி எழுந்து வண்டியைச் சுற்றிக்கொண்டு அவள் ஜன்னலுக்குக் கீழே வந்து குந்தினான். ஜன்னலுக்கு வெளியே அவள் கை தொங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் முடி இன்னும் விரலில் மோதிரம் மாதிரி சுற்றியிருந்தது. அவன் வால்வு ஊசியை அழுத்தினான். வண்டி அந்தப் பக்கமாக ஒரு நூல் தாழ்ந்தது. டயர் மண்ணின் மேல் மெல்ல அகன்று உட்கார்ந்தது.