பூநீரில் ஊறிய மூக்குச் சதை

மன்னூபியாவின் மூக்குக்குள் வளர்ந்திருந்த சதை பார்வைக்குப் புற்றுநோய் போலவே இருந்தது.

"நுண்ணோக்கியில பார்க்காம சொல்ல முடியாது. புத்துன்னா மூக்கையே எடுக்க வேண்டி வரும்" என்றார் நாபில் ஊர் டாக்டர்.

நாரத்தம்பூ நீர் வடிக்கிறவளுக்கு மூக்குதான் பிழைப்பு. டாக்டர் ஒரு துணுக்கை வெட்டி, கெடாமலிருக்க மருந்துத் தண்ணீர் ஜாடியில் போட்டு, அந்த ஊர் வழக்கப்படி அவள் கணவர் ஷாத்லியிடமே கொடுத்தார். துனிஸ் நகர ஆய்வகத்தில் அவர்தான் சேர்க்க வேண்டும். சேர்த்தார்.

முடிவு கேட்க இருவரும் போனபோது ஆய்வக டாக்டர் ஹாஜர் முறைத்தாள். "மாமா, ஜாடியில பூவாசம் வருதே?"

"ஷேர் டாக்சியில மருந்து நாத்தம்னு எல்லாரும் திட்டினாங்கம்மா. கொட்டிட்டு, உங்களுக்குன்னு கொண்டுவந்த பூநீரை ஊத்தினேன். முதல் வடிப்பு."

"சதையெல்லாம் ஊறிக் கெட்டுப் போச்சு. மறுபடி வெட்டணும்."

மன்னூபியா புற்றை மறந்தாள். "முதல் வடிப்பா? மக கல்யாணத்துக்கு வச்சிருந்ததையா எடுத்தே?"

இந்தமுறை டாக்டர் சதை முழுவதையுமே மூக்குத் துளை வழியாக எடுத்தார். ஜாடி மன்னூபியாவின் மடியில் பயணம் செய்தது. முடிவு கேட்கவும் அவள் தனியாகவே போனாள்.

"புத்து இல்லை அக்கா. சுரப்பிங்க கூட்டம் கூடி புத்து வேஷம் போட்டிருக்கு. செல் எதுவும் வரிசை கலையலை, ஸ்கேன்லயும் எலும்பு அரிக்கலை" என்று முடிவுத் தாளைக் கொடுத்தாள் ஹாஜர்.

வீட்டு வாசலிலேயே ஷாத்லி நின்றிருந்தார். "என்ன சொன்னாங்க?"

"சாயங்காலம் சொல்றேன். முதல்ல பூவை ஆய்ஞ்சு வடிக்கிற வாலையில போடு. வெங்காயமும் உரிக்கணும்."

சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். ஷாத்லி பூ ஆய்ந்தார், அடுப்பு மூட்டினார், வெங்காயம் உரித்துக் கண் கலங்கினார். நடுநடுவே எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அவள் ஒரு முனகல் முனகி வைத்தாள். இன்னும் துணி துவைக்கிற வேலை பாக்கி இருந்தது.

ஆனால் மூக்கு சும்மா இருக்கவில்லை.

"தீயைக் குறை, மனுஷா. பூ அடியில பிடிக்குது."

முற்றத்தில் சத்தம் நின்றது. ஷாத்லி கரண்டியோடு வந்து நின்றார். "ரெண்டு மாசமா மீன் கருகினாகூட உனக்குத் தெரியலை. இப்ப மூக்கு பிழைச்சிருச்சு. அந்தத் தாளை எடு."

தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இரண்டு முறை படித்தார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நான் வெங்காயம் உரிச்சது எதுக்கு?"

"அந்த ஜாடிக்கு" என்று எழுந்து, தீயைக் குறைக்கப் போனாள் மன்னூபியா.