கப்பல் சங்கில் பாடிய பெண்கள்

கிறிஸ்துமசுக்கு முந்தைய அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு ஆராதனையில், மில்லர்புரத்துக் கோவில் ஒன்றின் பாடகர் குழுப் பெண்கள் வாயைத் திறந்தபோது, அவர்கள் குரல் துறைமுகத்தில் நின்ற கப்பல்களின் சங்கிலிருந்து வந்தது. ஆண்களின் குரல் வழக்கம்போல அவரவர் தொண்டையிலிருந்தே வந்தது. அன்று முருங்கைக்காய் விலை சற்று ஏறியிருந்தது.

அந்த ஞாயிறுதான் கிளைட்டன் முதன்முதலாகக் குழுவை நடத்த நின்றான். அவன் குழுத் தலைவர் கிருபாகரனின் தங்கை மகன். பாடகர் குழுவை நடத்தும் கண்டக்டர் வேலையைக் கற்றுத்தரும் முகாமுக்குச் சபை ஆண்டுதோறும் ஒருவரை அனுப்பும். மூன்று ஆண்டுகளாக அவனையே அனுப்பியது. ஒவ்வொரு முறையும் புதுக் கோட்டோடு திரும்பினான். தாளத்தின் முதல் தட்டு எங்கே விழ வேண்டும் என்பது மட்டும் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை ஒத்திகைகளை உண்மையில் நடத்தியவள் ஈவாஞ்சலின். இயற்பியல் பட்டதாரி, சத்தமாகப் பேசமாட்டாள். இசைக்கவையை முழங்காலில் தட்டிச் சுருதி கொடுப்பாள், நான்கு பகுதிகளையும் பிரித்துச் சொல்லித்தருவாள், ஞாயிறானால் கடைசி வரிசையில் போய் உட்காருவாள். இதற்கு வழக்கம் என்று பெயர். ஆண்டுதோறும் அவளும் முகாமுக்குக் கேட்டாள். முதல் முறை கிருபாகரன் சிரித்தார்.

"ஏளா, கண்டக்டரா போணும்னா டவுன் பஸ்ல போய்க் கேளு."

இரண்டாம் முறை, அங்கிகளை இஸ்திரி போடும் பொறுப்பைக் கொடுத்தார். மூன்றாம் முறை காரணம் சொன்னார்: பெண் இரண்டு கையையும் தூக்கினால் முக்காடு நழுவும்.

"ஊக்கு குத்திக்கிடுதேன் சார்."

"ஊக்கைப் பத்தி வேதத்துல ஒண்ணும் சொல்லல."

கிளைட்டன் போட்ட கோட்டைப் பற்றியும் வேதத்தில் சொல்லவில்லை. அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

குரல் துறைமுகத்துக்குப் போன அன்று கிளைட்டன் பெண்களைப் பார்த்துக் கத்தினான். "என்னத்துக்கு வாயை மட்டும் அசைக்கிய?"

முன்வரிசை இன்பமணி அமைதியாகச் சொன்னாள். "பாடத்தான் செய்யுதோம் தம்பி. குரலை நீ பிடிக்கல, அது துறைமுகத்துக்குப் போயிட்டு."

மைக் மெக்கானிக் சிவப்பிரகாஷ் வயர்களை எல்லாம் மாற்றினார். உபவாச ஜெபம் நடந்தது. குரல் திரும்பவில்லை. நிலக்கரிக் கப்பல் ஒரு வரி பாட, உரக் கப்பல் அதே வரியைப் பிந்திப் பாடியது. ஊர் சிரித்தது, பழி பெண்கள்மேல் விழுந்தது.

அடுத்த ஞாயிறு ஈவாஞ்சலின் கோவிலுக்குப் போகவில்லை. பழைய துறைமுகத்தை ஒட்டிய கடற்கரையில், கப்பல்களைப் பார்த்து நின்றாள். கோவிலில் ஆர்கன் தொடங்கும் நேரம் அவளுக்குத் தெரியும். காற்றில் ஒலி அவ்வளவு தூரம் போக எவ்வளவு நேரமாகும் என்பதும் தெரியும். அந்த அளவு முன்னதாகக் கையை இறக்கினாள். எல்லாச் சங்குகளும் ஒன்றாகத் தொடங்கின. கோவிலில் பெண்களின் பாட்டு ஆண்களின் பாட்டோடு பிசகாமல் போய்ச் சேர்ந்தது. இன்பமணி அழுதாள். கிளைட்டன் குனிந்து கைதட்டலை ஏற்றுக்கொண்டான்.

சபைக் கமிட்டி கூடியது. பெண்களின் குரல் துறைமுகத்திலிருந்து வருவதை ஏற்பது என்றும், அதை அங்கே நடத்துவது யார் என்று விசாரிக்க வேண்டியதில்லை என்றும் ஒருமனதாகத் தீர்மானித்தது. துறைமுகத்தைப் பார்த்த கிழக்கு ஜன்னல்கள் பெரிதாக்கப்பட்டன. அவளைக் கூப்பிடுவதைவிட அவர்களுக்கு அது எளிதாக இருந்தது. அந்த ஆண்டு முகாமுக்குக் கிளைட்டனின் தம்பி போனான்.

ஈவாஞ்சலின் அதன்பின் எந்த முகாமுக்கும் காத்திருக்கவில்லை. ஞாயிறுதோறும் அதே கடற்கரையில் நின்று சங்குகளை நடத்தினாள். கற்றுக்கொள்ளக் கேட்டு வந்த ஒருத்தியையும் அவள் திருப்பி அனுப்பியதில்லை. மாப்பிள்ளையூரணியிலிருந்து வந்தார்கள், சாகுபுரத்திலிருந்து பஸ் மாறி வந்தார்கள். ஞாயிறுகளில் பாட்டின் கடைசி அடி முடியும்வரை துறைமுகத்தில் எந்தக் கப்பலையும் வெளியே எடுப்பதில்லை. அதைப் பற்றி அங்கே யாருக்கும் குறையில்லை.

போன ஞாயிறு ஞானதீபம் என்ற பள்ளிப் பெண் முதன்முதலாகத் தனியாக நடத்த நின்றாள்.

"அக்கா, நம்மள கோவில்ல எப்ப விடுவாவ?"

"அது அவங்க பாடு. நீ அந்தச் சிவப்புக் கப்பலைப் பாரு, பிந்தி இழுக்குது."

ஞானதீபம் இடது கையை லேசாக உயர்த்தினாள். சிவப்புக் கப்பல் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது.