வெட்டாத சட்டை

அவரைக் கத்திரி வாத்தியார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முதல்முறை தனியாக விமானம் ஓட்டி இறங்கும் மாணவனின் சட்டையைப் பின்பக்கம் வெட்டி, கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவது அவருடைய விமானப் பயிற்சிப் பள்ளியின் வழக்கம். அதற்காக அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு கத்திரி இருக்கும்.

ஆரம்பத்தில் அந்தப் பள்ளி பல்கலைக்கழகம் இல்லை. ஒரு தகரக் கொட்டகை, ஒரு ஓட்டை விமானம், நீளமான ஒரு ஓடுபாதை, அவ்வளவுதான். சுவரில் துணி சேரச் சேரக் கல்லூரியானது, பிறகு பல்கலைக்கழகம். சுரைக்கொடி மாதிரி கண்ட பக்கமெல்லாம் படர்ந்தது. நிர்வாகப் படிப்பு, விமானப் பணிப்பெண் பயிற்சி, விடுதி என்று எது வந்தாலும் ஓடுபாதையில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டுதான் வந்தது. ஆண்டிகள் கட்டும் மடம் நிற்காது என்பார்கள். இங்கே மடம் நின்றுவிட்டது, ஆண்டிகளுக்குத்தான் இடமில்லை.

வாத்தியாரின் மகளும் அங்கேதான் படித்தாள். அவளுக்கு மிச்சமிருந்தது தனியாக ஓட்டும் அந்த முதல் பறப்பு மட்டும். மிஞ்சிய பாதை ஒரு சின்ன விமானத்துக்குத் தட்டுத்தடுமாறிப் போதும்.

"ஒரே ஒரு தடவை. என் பொண்ணு மேல போய் இறங்கிட்டா போதும். அப்புறம் பாதைய என்ன வேணா பண்ணிக்குங்க," என்று துணைவேந்தரிடம் கெஞ்சினார். துணைவேந்தரின் சட்டைத் துணியும் அந்தச் சுவரில் தொங்கியதுதான்.

"வெள்ளி விழா முடியட்டும் சார், பாத்துக்கலாம்."

அதை வேதவாக்காக நம்பி மகளுக்குப் புது வெள்ளைச் சட்டை வாங்கினார். பாவம், மனுஷன்.

விழா நாளில் ஓடுபாதையின் குறுக்கே சிவப்பு நாடா கட்டியிருந்தது. அந்தப் பக்கம் தார் உடைக்கும் இயந்திரம் நின்றது. இனி எல்லோரும் தரையில் உட்கார்ந்தே பறக்க, அங்கே சிமுலேட்டர் மாளிகை வருகிறதாம்.

நாடா வெட்ட வந்த மந்திரி கையை நீட்டினார். தட்டு வந்தது, கத்திரி இல்லை. குழுவுக்கு மேல் குழு போட்டவர்கள் அதை மறந்துவிட்டார்கள். திருதிருவென்று விழித்த துணைவேந்தரின் கண் வாத்தியாரின் பையில் விழுந்தது.

"சார், உங்க கத்திரிய குடுங்க சார், சீக்கிரம்!"

வாத்தியார் பையை இறுகப் பொத்திக்கொண்டார். மகள்தான் அவர் கையை மெல்ல விலக்கிக் கத்திரியை எடுத்துக் கொடுத்தாள்.

"விடுங்கப்பா. இவங்கள பகைச்சுக்கிட்டா பட்டமும் வராது."

நாடா அறுந்தது. கூட்டம் கைதட்டியது. இயந்திரம் முதல் குத்தைத் தாரில் இறக்கியது. மகள் அந்தப் புது வெள்ளைச் சட்டையைக் கால்சட்டைக்குள் நன்றாகச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். துளியும் கிழியாத அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே வாத்தியார் அழுதார்.