கிறிஸ்மஸ் தாத்தாவின் தோப்புக்கரணம்

தேவானந்தம் ஓட ஆரம்பித்த முதல் நாளே ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர் தெரு பதறிப்போனது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், வயது அறுபத்தேழு, விடிந்ததும் விடியாததுமாக அரைக்கால் சட்டையில் ஓடினால் உடற்பயிற்சி என்று யாருக்குத் தோன்றும்? பால் வாங்கப் போனவர்கள் அவருக்குப் பின்னால் நாய் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். பைக்கில் வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, "ஏறுங்க சார், எந்த ஆஸ்பத்திரி?" என்றார். மறுத்துப் பேச மூச்சு இல்லாததால் தேவானந்தம் ஏறிக்கொண்டார். வீட்டு வாசலில் இறங்கினார்.

ஆனாலும் அவர் ஓடியாக வேண்டியிருந்தது. சர்ச்சிலிருந்து வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பினால் பல வருடங்களாக அவர்தான் கிறிஸ்மஸ் தாத்தா. சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி ஒட்டிய முகமூடி, வயிற்றுக்கு ஒரு தலையணை. கொஞ்ச காலமாகத் தலையணை தேவைப்படவில்லை. போன டிசம்பரில் சபையைச் சேர்ந்த அபிகாயில் வீட்டில், அவள் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காகத் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழவில்லை. கிடார் வாசிப்பவனும் டிரம்ஸ் வாசிப்பவனும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கியது சபை வாட்ஸப் குழுவில் வீடியோவாக வந்தது. இந்த வருடம் வாலிபர் சங்கச் செயலாளர் எபி பதமாகப் பேச்செடுத்தான். வேஷத்தைத் தானே போட்டுக்கொள்வதாகவும், அங்கிள் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தால் போதும் என்றும் சொன்னான்.

அந்த முன்சீட்டு தேவானந்தத்துக்கு ஆம்புலன்ஸ் போலத் தெரிந்தது. வாதாடி ஒரு வாய்ப்பு வாங்கினார். முதல் வீட்டுக்கு மட்டும் அவர் தாத்தா. உட்கார்ந்து தானாக எழுந்துவிட்டால் முகமூடி அவரிடமே இருக்கும். உடம்பு தேற ஓட்டத்தை விட்டால் வேறு வழியில்லை என்று கணக்குப் போட்டார். இரண்டாவது வாரம் முழங்கால் வீங்கியது.

பக்கத்து வீட்டு சாம்பசிவன் சங்கதியைக் கேட்டுக்கொண்டார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் ஏரிக்கரையில் நிதானமாக நடப்பார். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக் கை ஊன்றாமல் எழுவார்.

"பழகினவங்க எழுபதுலயும் ஓடறாங்க, அது வேற. போன வருஷம் நீங்க ஓட முடியாமயா மாட்டிக்கிட்டீங்க?"

"இல்ல சார். எழுந்திரிக்க முடியாம."

"அப்ப எழுந்திரிக்கத்தான பழகணும்?"

அவரிடம் அதற்கு வழியும் இருந்தது. மொட்டைமாடியில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் அவர் அன்றாடம் போடும் தோப்புக்கரணம். தேவானந்தத்துக்கு இரண்டு சங்கடங்கள். ஒரு தலைமுறைப் பையன்களுக்கு அவர் கொடுத்த தண்டனை அது. இப்போது திரும்பி வருகிறது. இன்னொன்று, பாஸ்டருக்குத் தெரிந்தால்? பேசி முடிவானது: காதைப் பிடித்தால் பக்தி, பிடிக்காவிட்டால் பயிற்சி. பிள்ளையாருக்கு முதுகு காட்டுவதற்கு சாம்பசிவன் சம்மதிக்கவில்லை. அதனால் பக்கவாட்டில் இருந்த தண்ணீர் டேங்கைப் பார்த்தபடி.

வீக்கம் வடிந்ததும் முதலில் நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு முக்காலி. ஒரு நாள் துணி எடுக்கத் தங்கள் மாடிக்கு வந்த ரத்தினபாய், கணவர் அடுத்த மாடியில் டேங்குக்கு முன்னால் பாதி குந்தி நிற்பதைக் கண்டாள். அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே தையல் டீச்சராக இருந்தவள்.

"முழுசா இறங்குங்க. பசங்களப் பாதியில விட்டீங்களா?" என்றாள்.

டிசம்பர் வந்தது. முதல் வீடு அபிகாயில் வீடு. தேவானந்தம் குழந்தையை ஏந்தித் தரையில் உட்கார்ந்தார். பாட்டு நின்றது. செல்போன்கள் உயர்ந்தன. கிடார்க்காரன் கிடாரை ஓரமாக வைத்துவிட்டுக் கையை நீட்டினான். தாத்தா அந்தக் கையில் ஒரு மிட்டாயை வைத்தார். குழந்தையை இறக்கிவிட்டுக் குந்தினார். மூச்சை இழுத்தார். அவரைக் கேட்காமலே இடது கை வலது காதையும் வலது கை இடது காதையும் போய்ப் பிடித்தன.

எழுந்துவிட்டார்.

தாத்தாவின் புது டான்ஸ் என்று நினைத்த குழந்தை தானும் காதைப் பிடித்துக்கொண்டு குந்தியது. கூடத்திலிருந்த மற்ற பிள்ளைகளும் குந்தின. எபி சிரித்துக்கொண்டே, "அடுத்த வீட்டுக்கும் நீங்கதான் அங்கிள்" என்றான்.

முட்டை போடாத கேக் கிடைக்கும் என்று நம்பி வேனின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த சாம்பசிவன், ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்திருந்தார். தாத்தா வேனுக்கு வந்ததும் கேட்டார்.

"காதைப் பிடிச்ச மாதிரி இருந்துது?"

"ஒரு பேலன்ஸுக்கு சார்," என்றது முகமூடி. "பாஸ்டர்கிட்ட சொல்லிடாதீங்க."